ரத்தம் எங்கே போகிறது

மூலக்குளம்
7.1.2026

அண்ணிக்கு,

நாலு நாளாக உங்கள் நம்பருக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு மணி அடித்துக் கட் ஆகிவிடுகிறது. பிளாக் பண்ணியிருக்கிறீர்கள் என்று தெரிந்தேதான் போட்டேன். பாரதிக்குக் காது குத்தின அன்றைக்குக் கோயில் வாசலில் கற்பூரத்தை அடித்து அணைத்து, என்னோடு பேசுவதில்லை, என் வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினீர்கள். படிப்பதில்லை என்று பண்ணவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தம்பிக்கு ரத்தம் ஏறவில்லை. அக்டோபரில் ஹீமோகுளோபின் ஒன்பது இருந்தது. நவம்பரில் எட்டு, டிசம்பரில் ஏழு. போன வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து பார்த்தால் ஆறரை. ஊசியை இரண்டு மடங்காக ஏற்றியும் இப்படி. நான் விலங்கியல் படித்தவள், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பேன், ஆனால் டாக்டர் சொல்லும்போது புதிதாகத்தான் கேட்டேன். கிட்னி சிறுநீரைப் பிரிப்பதோடு நிற்பதில்லையாம். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறச் சொல்லித் தகவல் அனுப்புவதும் அதுதானாம். கிட்னி போனால் தகவல் போகாது. அந்தத் தகவலைத்தான் வாரம் இரண்டு தடவை ஊசியாகப் போடுகிறார்கள். போட்டும் எலும்பு கேட்கமாட்டேன் என்கிறது.

ஆறுக்குக் கீழே போனால் வெளி ரத்தம் ஏற்றியே ஆகணுமாம். ஏற்றினால் வேறொரு ஆபத்து. அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து அவர் உடம்பு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளுமாம். அப்புறம் உங்கள் கிட்னியை வைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். பொருத்தம் பார்த்து எல்லாம் சரியாக வந்த கிட்னி, அண்ணி. இன்னும் நாலு மாதத்தில் ஆபரேஷன் என்று சொன்ன கிட்னி. அதனால் கேட்கிறேன், இத்தனை சண்டைக்குப் பிறகும் தருவீர்களா?

இன்னொன்றும் கேட்கணும். கீழ்வீட்டு ஆயம்மாக்கா முன்னே உப்பளத்தில் உங்கள் தெருவில்தான் இருந்தாராம். நேற்று இவரைப் படியில் பார்த்துவிட்டு, "ஆதிமூலம் கடைசியா இப்படித்தான் வெளுத்திருந்தாரு, இவனையும் கூப்பிடறாரு போல" என்று முணுமுணுத்தார். மாமாவுக்கு, உங்கள் அப்பாவுக்கு, என்ன ஆச்சு? நான் பார்த்ததே இல்லை. இவர் சொல்லமாட்டேன் என்கிறார்.

பாரதிக்குப் பதினாலு மாதம். தினம் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். இப்போது என் கை நெருங்கினாலே கண்ணை மூடிக்கொள்கிறாள்.

துர்கா

காலாப்பட்டு
12.1.2026

துர்காவுக்கு,

லெட்டர் வந்துது. போஸ்ட்மேன் நீட்டிட்டு, "யாருக்கா இந்தக் காலத்துல கையால எழுதறது?"ன்னு கேட்டான். எதிரின்னு சொன்னேன். சிரிச்சிட்டுப் போனான்.

கிட்னி தரேன்னு சொன்னது என் தம்பிக்கு, உனக்கில்ல. சொன்னா சொன்னதுதான். அதுல மாத்தம் இல்ல.

பதினேழு வருஷமா மெடிக்கல்ல நிக்கிறேன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ. அந்த ஊசியைப் பிரிட்ஜ்ல கீழ்த் தட்டுலதான் வைக்கணும். நல்லாக் குளிரட்டும்னு ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சிட்டு, வேலையே செய்யலன்னு கடைக்கு வந்து சண்ட போடறவங்க எத்தினி பேரு. உறைஞ்சு போனா அது வெறும் தண்ணி. நீயும் அப்படிப் பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடு. ரத்தம் ஊறட்டும்னு முருங்கைக்கீரை, பேரிச்சம்பழம்னு குடுத்துத் தொலைக்காத. பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுடும்.

நீ வந்த நேரந்தான் என் தம்பி ரத்தம் வத்துதுன்னு அன்னிக்கி நாலு பேர் முன்னால சொன்னேன். அதைத் தப்புன்னு சொல்லி எழுதுவேன்னு எதிர்பாக்காத.

அப்பா கிட்னி போய் செத்தாரு. அவ்ளோதான். ஆயம்மாவுக்கு இன்னா வேலை? அவகிட்ட இருந்து கேட்டு என்னைத் தோண்டாத.

சரிதா

மூலக்குளம்
17.1.2026

அண்ணிக்கு,

தருகிறேன் என்று எழுதினதற்கு நன்றி. எனக்கில்லை என்று எழுதினதும் புரிந்தது.

ஊசியை நான் கெடுக்கவில்லை. கடையிலிருந்து பிளாஸ்கில் ஐஸ் போட்டு, ஐஸ் மேலே படாமல் துணி சுற்றி, நேராக சென்டருக்குத்தான் கொண்டுபோகிறேன். வீட்டுக்கே வருவதில்லை. உங்கள் லெட்டரைப் படித்த பிறகு அந்தத் துணி போதுமா என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். நர்ஸ் செந்தமிழ்ச்செல்வியிடம் கேட்டதற்குச் சிரித்துவிட்டார். "ஊசி நல்லாத்தாங்க இருக்கு, வேற எடத்துல ஓட்டை இருக்குதான்னு பாக்கணும்" என்றார்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மெஷினில் அந்தக் குழாய்க்குள்ளே கொஞ்சம் ரத்தம் தங்கிப்போகுமாம். டெஸ்டுக்கு எடுப்பது வேறு. கிட்னி கெட்டவர்களுடைய ரத்த அணுக்களுக்கு ஆயுசும் குறைச்சலாம், மற்றவர்களுக்கு நாலு மாதம் என்றால் இவர்களுக்கு அவ்வளவு நாள் தாங்காது. உடம்புக்குள் எங்காவது சீழ், காய்ச்சல் இருந்தால் ஊசி எடுபடாதாம். அது இல்லை, பார்த்துவிட்டார்கள். ஆனால் இரும்புச்சத்து அடி மட்டத்தில் இருக்கிறது. இரும்பு இல்லாமல் தகவல் மட்டும் போய் எலும்பு என்ன பண்ணும்? இரும்பு ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிவிட்டது. அதனால் மாத்திரைதான். "வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து எடுக்கறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதலாமா என்று தெரியவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் அடுக்களையில் ஒரு சத்தம். நறுக், நறுக் என்று. எலி என்று நினைத்தேன். இவர் லைட் போடாமல் நின்று, பொங்கலுக்கு வாங்கின பச்சரிசியை டப்பாவிலிருந்து அள்ளி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார். "என்னங்க?" என்றேன். திரும்பிப் பார்த்தார். என்னைத் தெரியாதவர் பார்க்கிற மாதிரி இருந்தது. "தின்னணும் போல இருக்குது" என்றார். காலையில் வாய் ஓரம் மாவு.

ஆயம்மாக்காவிடம் சொன்னேன். அவர் பாரதியை இடுப்பிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "அதேதான் அவரும் தின்னாரு. கதவைச் சாத்திப் படு" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை அண்ணி. நம்பிக்கை இல்லை, ஆனால் மூன்று நாளாகப் பாரதியைத் தூக்கிக்கொண்டு உள் ரூமில் தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிறேன். மாமா அரிசி தின்றது இவருக்குத் தெரியுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

துர்கா

காலாப்பட்டு
20.1.2026

துர்கா,

அவனுக்குத் தெரியாது. அப்ப அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தான். அப்பா போன அன்னிக்கித்தான் வந்தான். எனக்கும் செத்துப்போன அம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன். ஆயம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதோ.

அப்பா மில்லுல தறி ஓட்டினவரு. மில்லு மூடினப்புறம் வாட்ச்மேன். நின்னு நின்னு முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு. கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொன்னப்பவே பாதி நிறம் போயிருந்தது. கடைசி ரெண்டு மாசம் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிட்டாரு. உள்ளங்கைல ரேகை தெரியாது. அரிசி டப்பாவைப் பரண்மேல ஏத்தி வெச்சேன். எப்படி ஏறினாரோ, நடக்கவே முடியாத மனுஷன், காலைல டப்பா கீழ கெடக்கும். தெருவுல பேயின்னாங்க. தறியில கை போய்ச் செத்த ஒருத்தன் அப்பாமேல ஏறியிருக்கான்னாங்க. அம்மா ஒருத்தரைக் கூப்ட்டாந்து கையில கயிறு கட்டினாங்க. நான் பக்கத்துலயே நின்னேன், மெடிக்கல்ல வேலை பாக்கறவ, ஒண்ணும் சொல்லாம நின்னேன்.

இன்னமும் எனக்கு அந்தச் சத்தம் கேக்குது. எங்க வீட்ல அரிசி களையும்போது யாரும் ஒரு பிடி வாயில போடக் கூடாது. எம் புள்ளைங்க சிரிக்குதுங்க.

தம்பி பிரேமு இங்க யூனிவர்சிட்டி காம்பஸ்லதான வேலை பாக்கறான், தெனம் எங்கடையைத் தாண்டித்தான் போறான். பாக்கறதில்ல, பேசறதில்ல. அதனால நீதான் பாக்கணும். வெக்கப்படாத. அவன் வெளிக்கிப் போறது என்ன நெறம்னு பாரு. பாத்து உடனே எழுது. ஏன்னு கேக்காத.

சரிதா

மூலக்குளம்
24.1.2026

அண்ணிக்கு,

உங்கள் லெட்டர் நேற்றுதான் கிடைத்தது. உடனே எழுது என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் நேற்று டயாலிசிஸ், திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே தலை சாய்த்துவிட்டார். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. பாரதி என் மடியில் தூங்குகிறாள், கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்.

கேட்டதற்குப் பதில். கருப்பு. ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்படாதீங்க என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் கவனிக்கவே இல்லை. நீங்கள் சொன்னீர்களே என்று இன்றைக்கு அவருக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தார் மாதிரி இருந்தது. இரண்டு பக்கெட் ஊற்றியும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு மாதிரி நாற்றம், சொல்லத் தெரியவில்லை, இரும்பு துருப்பிடித்ததும் அழுகினதும் கலந்த மாதிரி. பாத்ரூமில் நின்றபடியே வாந்தி வந்துவிட்டது.

அது மாத்திரையால்தானே?

மாடிப்படி பதினாறு. நடுவில் இரண்டு தடவை உட்காருகிறார். கழுத்துக் குழியில் துடிப்பது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறது. நேற்றைய ரிசல்ட் ஐந்தே முக்கால். இன்னும் ஒரு ஊசி பார்த்துவிட்டு ரத்தம் ஏற்றலாம் என்கிறார்கள். ஏற்ற வேண்டாம் என்று அவரே கெஞ்சுகிறார். "அக்கா கிட்னி வீணாப் போயிடும் சார்" என்றார். அதைச் சொல்லும்போது அழுதார்.

நான் பேயை நம்பவில்லை. ஆனால் பேயாகவே இருந்துவிட்டால் பரவாயில்லை என்று ஒரு எண்ணம் வருகிறது. பேய் என்றால் யாராவது கயிறு கட்டுவார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

துர்கா

ஆஸ்பத்திரி
30.1.2026

அண்ணிக்கு,

செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தது, பார்த்தால் உங்கள் பெயர். ஏழு மாதம் கழித்து உங்கள் குரல். "அது மாத்திரை இல்லடி, உள்ள ரத்தம் போவுது, அவனைத் தூக்கிட்டு ஓடு." அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்பப் போட்டால் மறுபடியும் அதே ஒரு மணி.

ஓடினேன். ஆயம்மாக்காவிடம் பாரதியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், கதவு சாத்தச் சொன்னவர்தான். ஆட்டோவிலேயே இவருக்கு மயக்கம். ஐந்துக்குக் கீழே வந்துவிட்டது. வேறு வழி இல்லை என்று கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். இரண்டு பாட்டில் ஏறியது. வெள்ளை அணுக்களை வடிகட்டித்தான் ஏற்றினோம், ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒவ்வொரு சொட்டும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழைக்கிறார் என்று நினைப்பதா, உங்கள் கிட்னி தள்ளிப் போகிறது என்று நினைப்பதா, தெரியவில்லை.

வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் இரண்டு புண். ஒன்று கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, மாதக்கணக்காக. டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து போடுகிறார்களே, அதனால் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இன்னும் அதிகமாகக் கசிந்திருக்குமாம். ஊறினதெல்லாம் இந்த வழியாகப் போயிருக்கிறது. இரும்பும் கூடவே போயிருக்கிறது. பச்சரிசிக்கும் அதுதான் காரணம். இரும்பு குறைந்தால் சிலருக்கு அரிசி, மண், ஐஸ் என்று தின்னத் தோன்றுமாம். சின்ன டாக்டர் ஒருத்தி எதையோ கிறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். மாமாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

புண் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். வலி மாத்திரை சாப்பிடுவாரா என்று இவரிடம் இரண்டு தடவை, என்னிடம் ஒரு தடவை. இவர் இல்லை என்றார். நானும் இல்லை என்றேன்.

பார்க்காமலே உங்களுக்கு எப்படித் தெரிந்தது, அண்ணி?

துர்கா

காலாப்பட்டு
3.2.2026

துர்கா,

எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டுட்டே. கடைல உக்காந்து நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது.

அப்பாவுக்குக் கடைசி மாசம் கழுவி விட்டது நான்தான். நீ பாத்தது எல்லாம் நானும் பாத்தேன். அதே தாரு, அதே நாத்தம். அப்ப அவருக்கும் இரும்பு மாத்திரை, அதனாலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏன்னா அவர் முட்டி வலிக்கு நாலு வருஷமா மாத்திரை எடுத்தாந்து குடுத்தவ நானு. கடையிலேர்ந்து. சீட்டு கேக்காம, டாக்டரைக் கேக்காம. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தின்னா நடப்பாரு, எம் பொண்ணுன்னா பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. கிட்னியைக் கெடுத்ததும் அதுதானோ, வயித்தைப் பொத்தல் போட்டதும் அதுதானோ. எந்த டாக்டரும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

பிரேமு எங்கடையைத் தாண்டிப் போறான், பாக்கறதில்ல, பேசறதில்லன்னு எழுதினேனே, அது பொய்யி. புதன்கிழமை புதன்கிழமை வருவான். டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் கால் எலும்பெல்லாம் பிச்சு எடுக்குது அக்கா, வண்டி ஓட்ட முடியலம்பான். மொதல்ல முடியாதுன்னேன். கவுண்டர்ல தலை வெச்சு அழுதான். என் தம்பி, ஆறு வயசு சின்னவன், இடுப்புல தூக்கிச் சுமந்திருக்கேன். அப்பாவுக்குக் குடுத்த அதே மாத்திரை, ஒரு அட்டை குடுத்தேன். ஒரு அட்டைதானேன்னு. செப்டம்பர்லேர்ந்து வாரம் ஒரு அட்டை. "துர்காவுக்குத் தெரிய வேணாம்"னான். உன்மேல இருந்த ஆத்திரத்துல அது எனக்குப் பிடிச்சிருந்துது. உனக்குத் தெரியாம எங்க ரெண்டு பேருக்குன்னு ஒண்ணு இருக்குதுன்னு.

நீ வந்த நேரம்னு நாலு பேர் முன்னால சொன்னேன். அப்பவே என் வயித்துக்குள்ள இன்னொரு குரல் கேட்டுது, அப்பாவுக்கு யாரு வந்த நேரம்டின்னு. அதை அமுக்கத்தான் அவ்ளோ சத்தமா கத்தினேன்.

அரிசின்னு நீ எழுதினப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சப்புறமும் நெறம் என்னன்னு எழுதுன்னு லெட்டர் போட்டேன், போன் பண்ணல. லெட்டர் போய் வர நாலு நாலு நாள். அந்த நாள்லதான் அவனுக்கு அஞ்சுக்குக் கீழ போச்சு. சத்தியத்தைக் காப்பாத்தினேனா, என்னைக் காப்பாத்திக்கிட்டேனான்னு நீயே சொல்லு.

கிட்னி இப்பவும் தரேன். அது தர்மம் இல்லன்னு தெரிஞ்சுக்கோ. அப்பாவுக்குத் தர முடியாததைக் கழிக்கத்தான் மொதல்லயும் தரேன்னேன். கடைல வேலையை வுட்டுட்டேன்.

சரிதா

மூலக்குளம்
10.2.2026

அண்ணிக்கு,

உங்கள் லெட்டரை ஆறாம் தேதி படித்தேன். நாலு நாள் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமாக இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏழரை இருக்கிறது. கருப்பு நின்றுவிட்டது. அரிசி கேட்கவில்லை. யாரோ முகம் தெரியாத இரண்டு பேருடைய ரத்தம் கன்னத்தில் லேசாகச் சிவந்து தெரிகிறது. பாரதியைத் தூக்கப் போனார், அவள் வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து வெளுத்த அப்பாவைத்தான் பார்த்திருக்கிறாள். நிறம் வந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாள் ஆச்சு பழக.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியும் அண்ணி.

நவம்பரில், இவர் சாப்பாட்டுப் பையைக் கழுவும்போது அடியில் அந்த அட்டை இருந்தது. பத்தில் நாலு போயிருந்தது. பெயரைப் போனில் போட்டுப் பார்த்தேன். படித்தவள் இல்லையா, உடனே பார்த்தேன். கிட்னி நோயாளிகள் எடுக்கக் கூடாது, வயிற்றில் ரத்தக் கசிவு வரும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. பையைக் காயவைத்து, அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன். யார் கொடுத்தது என்று கூட யோசிக்கவில்லை. யோசித்தால் நிறுத்தணும்.

அது சாப்பிட்ட ராத்திரி இவர் முனகமாட்டார். பாரதி எழுந்திருக்கமாட்டாள். நான் நாலு மணி நேரம் தூங்குவேன். காலையில் அவளைத் தோளில் உட்காரவைத்து மொட்டை மாடியில் சுற்றுவார். அதுக்காகத்தான். வேறு எதுக்காகவும் இல்லை. அப்புறம் ரத்தம் குறையக் குறைய, ஊசியா, குழாயா, இரும்பா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே அலைந்தேன். பையில் இருந்ததை மட்டும் கேட்கவில்லை. உங்களிடம் பேய் என்று எழுதினேன். நீங்கள் ஆமாம் பேய்தான் என்று சொல்லிவிட மாட்டீர்களா என்றுதான் எழுதினேன். நர்ஸ் கேட்டபோது ஒரு தடவை, டாக்டர் கேட்டபோது ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த எட்டு நாள் உங்கள் கணக்கில் என்றால், நவம்பரிலிருந்து எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. எண்ண பயம்.

இனி நடக்க வேண்டியது. பழைய பொருத்தப் பரிசோதனை செல்லாது. எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று உங்கள் ரத்தத்தோடு சேர்த்து மறுபடி பார்க்கணும். 24-ஆம் தேதி செவ்வாய் காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள். அதுக்கு முன்னால் டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லியாகணும். சொன்னால், மறைத்து மாத்திரை தின்கிற ஆளுக்கு எப்படிக் கிட்னி வைப்பது என்று தள்ளிவைத்தாலும் வைப்பார்கள். செந்தமிழ்ச்செல்வி வேறொருத்தர் விஷயத்தில் அப்படி ஆனதைச் சொன்னார். சொல்லாவிட்டால், உங்கள் கிட்னியை உள்ளே வைத்த பிறகு என்றைக்காவது ஒருநாள் இவருக்குக் கால் வலிக்கும். அப்போது யார் அட்டை கொடுப்பார்கள், யார் பார்த்தும் பையை மூடுவார்கள்?

நேற்று இவரிடம் பேசினேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "எனக்கு நவம்பர்லேயே தெரியும்" என்று மட்டும் சொன்னேன். "அப்ப ஏன் கேக்கல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கே நான் வாசலில் நிற்பேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், தண்ணீர் குடிக்கலாம். வந்தால் இரண்டு பேரும் உள்ளே போவோம். நீங்கள் வராவிட்டாலும் போவேன். நான் பார்த்ததை, மூடினதை மட்டும் சொல்வேன். உங்களுடையதை நான் சொல்லமாட்டேன்.

துர்கா